வீட்டில் தமிழ் வாசிப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள் இவை. பள்ளிப் பெற்றோர் கூட்டம், அங்கன்வாடி வாசல், நூலகத்தின் சிறுவர் பகுதி என எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் விளக்கியதை அடுத்ததில் திரும்பச் சொல்லவில்லை, எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம். அதனால் முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பையனுக்கு மூணு வயசு. இப்பவே அ, ஆ ஆரம்பிச்சிடலாமா?

அவனாகவே ஒரு எழுத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் சொல்லுங்கள். நீங்களாக உட்காரவைத்து ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்துதான் முதல் வகுப்பு. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் எழுத்தை முதலிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது. மூன்று வயதில் எழுத்து தெரியாததால் எதுவும் பின்தங்கிவிடாது.

அதுவரை வீட்டில் வரவேண்டியவை வேறு. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் பிடிப்பது, ஒவ்வொரு தாளாகப் புரட்டுவது, பத்து நிமிடம் ஒரு கதையைக் காது கொடுத்துக் கேட்பது, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. கூடவே சொல்லைத் தட்டிப் பிரிப்பது: "கு-தி-ரை" என்று மூன்று தட்டு, "பூ-னை" என்று இரண்டு தட்டு. இந்தக் கைதட்டல் விளையாட்டு வந்த பிள்ளைக்குப் பிறகு எழுத்துக் கூட்டுவது பாதிச் சுமைதான்.

2. தினமும் எவ்வளவு நேரம் உட்காரணும்?

பத்து முதல் பதினைந்து நிமிடம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் ஐந்து, இரவில் பத்து எனப் பிரித்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டபின் பாதி பிள்ளைகள் தூங்கிவிடும். வீட்டுப்பாடத்தோடு சேர்க்காதீர்கள். "இதை முடிச்சாத்தான் கதை" என்ற பேரம் கதையையும் வீட்டுப்பாடமாக்கிவிடும்.

3. கதை வாசிக்கறப்போ புத்தகத்துல இருக்கறதை அப்படியே வாசிக்கணுமா, நம்ம பேச்சுக்கு மாத்திச் சொல்லலாமா?

இரண்டும் வேண்டும். வீட்டில் நடக்கும் வேலைகளில் முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். நாம் பேசுவது "மரத்து மேல ஒரு கொரங்கு உக்காந்திருந்துச்சு". புத்தகத்தில் இருப்பது "மரத்தின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது". பேச்சுத் தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆறு வயதில் "உட்-கார்ந்-தி-ருந்-தது" என்று சரியாகவே கூட்டிவிட்டுத் திருதிருவென்று விழிக்கும். கூட்டி முடித்தபோது கிடைத்த சொல் அதன் காதில் ஏற்கெனவே இல்லை. "எழுத்து தெரியுது, ஆனா வாசிக்க வரலை" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இங்கேதான்.

ஒரு புத்தகத்தை மூன்று நாளுக்கு இப்படி எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழிலேயே கதை சொல்லுங்கள், அது கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். இரண்டாம் நாள் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை நகர்த்தியபடி அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். மூன்றாம் நாள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். "ஒரு குரங்கு..." என்று நிறுத்தினால், "உட்கார்ந்திருந்தது!" என்று அதுவே முடிக்கும்.

பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்லும்போது "ஓடிப்போச்சு" என்று சொன்னால், "ஓடிவிட்டதுன்னு சொல்லு" என்று திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழைக் கேட்டுத் தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறது என்றால் அதற்குப் பொருள் விளங்கிவிட்டது. அந்த வயதில் அதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

4. ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்றா. எனக்கு அலுத்துப்போச்சு. மாத்தலாமா?

அவளுக்கு அலுக்கும்வரை மாற்றாதீர்கள். இரண்டாவது புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து "முதல்ல என்னோடது, அப்புறம் உன்னோடது" என்று பங்கு போட்டுக்கொள்ளலாம்.

5. எழுத்தை எந்த வரிசையில சொல்லிக்கொடுக்கறது? உயிர் பன்னிரண்டும் முடிஞ்சாத்தான் அடுத்ததா?

247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் முடித்துவிட்டுச் சொல்லுக்கு வருவது பழைய வழக்கம். அதில் இரண்டு சங்கடம். முதலில் வரும் அ, ஆ, இ ஆகியவை சுழியும் வளைவும் அதிகமுள்ள எழுத்துகள். அத்தோடு, பன்னிரண்டு உயிரையும் கற்றபின் பிள்ளை வாசிக்கக்கூடிய சொற்கள் அநேகமாக எதுவும் கிடையாது.

ட, ப, ம, ர என்ற நான்கையும் புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், பட்டம், மடம், மட்டம், மரம், ரம்பம், பம்பரம் எல்லாம் வந்துவிடும். படபட, மடமட, பரபர என்று சிரித்துக்கொண்டே வாசிக்கவும் கிடைக்கும். அடுத்துக் கால் ஒன்றைச் சேர்த்தால் பாப்பா, மாமா, டப்பா, மாடம். அடுத்து இகரம்: படி, மாடி, பாட்டி. அடுத்து உகரம்: மாடு, பாட்டு, பருப்பு. "பாப்பா, பாட்டு பாடு" என்று ஒரு முழு வாக்கியத்தை வாசிக்க நான்கு மெய்யும் மூன்று குறியும் போதாதா? இதற்குப்பின் க, ல, வ சேர்த்தால் கடல், பகல், கப்பல் என்று பெருகும். உயிரெழுத்துகளை அம்மா, ஆடு, இலை என்று சொல் வரும்போது ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம்.

உகர வரிசையில் மட்டும் நிதானம் வேண்டும். பு, சு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும். து, நு, லு ஆகியவற்றில் வலப்பக்கம் சுழன்று ஏறும். கு, டு, மு வேறொரு வளைவு. "உ சேர்த்தா இப்படி மாறும்" என்று ஒரே விதி சொல்ல வழியில்லை, ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே காட்டுங்கள். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்லவை. மூன்று அங்குலச் சதுரமாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் வளையாமல் பல மாதம் உழைக்கும்.

6. 'ப', 'ட', 'ம்' தனித்தனியா சரியாச் சொல்றான். சேர்த்து 'படம்'னு மட்டும் வரமாட்டேங்குது. ஏன்?

அவன் எப்படிச் சொல்கிறான் என்று ஒருமுறை கவனியுங்கள். "பானா, டானா, இம்" என்கிறானா? பெரியவர்கள் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவன் அந்தப் பெயர்களைச் சேர்க்கப் பார்க்கிறான். பானாவும் டானாவும் இம்மும் சேர்ந்து எப்படிப் "படம்" ஆகும்? குறிப்பாக மெய்யெழுத்தை "இக், இங், இச்" என்று பழகிய பிள்ளை "பட-இம்" என்றே நிற்கும்.

பெயரை விட்டுவிட்டு ஓசையைச் சொல்லுங்கள்: ப, ட. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகக் கேட்கவே வேண்டாம், முந்தைய எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள். "ட" அட்டைக்குப் பக்கத்தில் "ம்" அட்டையை மெதுவாக நகர்த்திக்கொண்டே "ட......ம்" என்று இழுத்து வாயை மூடுங்கள். அட்டைகள் தொடும்போது வாய் மூடவேண்டும், அதுதான் விளையாட்டு. முதலில் கல், பல், கண், மண் போன்ற இரண்டெழுத்துச் சொற்கள். அவை தயங்காமல் வந்தபின் படம், மரம்.

7. கால் போட்ட எழுத்தெல்லாம் வருது. கொம்பு வந்தா மட்டும் தடுமாறுறா.

தடுமாறத்தான் செய்வாள். கண் இடமிருந்து வலம் போகிறது. "கா" என்பதில் முதலில் க, பிறகு கால், ஓசையும் அதே வரிசை. "கெ" என்பதில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, ஆனால் வாயில் க்-தான் முதலில் வரவேண்டும். "கொ" இன்னும் மோசம், எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. அதனால்தான் "கொடி" என்பதைக் "கெ" என்று ஆரம்பித்துவிட்டுக் காலைப் பார்த்ததும் திகைக்கிறார்கள்.

க, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று நான்கே அட்டை எழுதிக்கொள்ளுங்கள். "க" அட்டையைத் தரையில் வையுங்கள், அது நகரவே கூடாது. வலப்பக்கம் கால் வைத்தால் கா. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு வைத்தால் கெ, இரட்டைக்கொம்பு வைத்தால் கே. இப்போது கொம்பை எடுக்காமல் காலையும் வையுங்கள்: கொ, கோ. வைத்து முடித்துக் கையை எடுத்தபிறகுதான் வாய் திறக்கவேண்டும் என்பது ஒரே விதி. அந்த விதியால் கண் முழு எழுத்தையும் பார்த்துவிட்டு ஓசைக்குப் போகப் பழகும். இரண்டு மூன்று நாளில் நடுவில் உள்ள "க"-வுக்குப் பதில் ப, ம, த என்று மாற்றுங்கள்.

ஔகார வரிசையைத் தள்ளிப்போடலாம். வௌவால், பௌர்ணமி, கௌதாரி தவிரப் பிள்ளைகளின் புத்தகத்தில் அது அதிகம் வராது. அதன் வலப்பக்கக் குறி "ள" போலவே இருப்பதால் "வெளவால்" என்று வாசித்தால் அது அவள் குற்றமில்லை.

8. ண-ன, ல-ள-ழ, ர-ற எல்லாம் குழப்பறான்.

வாசிப்புக்கு இது பெரிய தடையில்லை, எழுதும்போதுதான் பிழையாக வரும், அதற்குக் காலம் இருக்கிறது. ஜோடி எழுத்துகளை ஒரே வாரத்தில் அறிமுகம் செய்யாதீர்கள். "ர" நன்றாகப் பதிந்து ஒரு மாதம் கழித்து "ற" வரட்டும். மூணு சுழி, ரெண்டு சுழி, சின்ன ர, பெரிய ற என்று வீட்டில் சொல்லும் பெயர்களே போதும்.

9. 'பகல்'ல வர்ற 'க'வைக் 'கல்'ல வர்ற மாதிரி அழுத்திச் சொல்றான். திருத்தணுமா?

எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறான் என்பதற்கு இதுவே சாட்சி, சந்தோஷப்படுங்கள். ஒரே "க" சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, "தங்கம்" என்பதில் வேறு மாதிரி ஒலிக்கும். "படம்", "பட்டம்" இரண்டிலும் உள்ள "ட" அப்படியே. விதியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் அழுத்திச் சொன்னதும் "ஆமா, பகல்" என்று இயல்பாக ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். 3-ஆவது பதிலில் சொன்னபடி சொல் காதில் ஏற்கெனவே இருந்தால், நாக்கு தானாகவே சரிசெய்துகொள்ளும்.

10. புத்தகத்தை மனப்பாடமா ஒப்பிக்கிறானோனு சந்தேகமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை விரலால் காட்டிக் கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தால் மனப்பாடம்தான். இன்னொரு வழி, அதே சொற்களை வைத்து வேறொரு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது, படம் இல்லாமல்.

மனப்பாடம் என்று தெரிந்தால் பிடித்துவிட்டதுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம். விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்து ஒப்பிக்கச் சொல்லுங்கள். வாய் முடிந்தபின்னும் தாளில் ஒரு சொல் மிச்சமிருந்தால் பிள்ளையே நின்று திரும்பிப் பார்க்கும். அந்த இடத்திலிருந்துதான் வாசிப்பு தொடங்குகிறது.

11. தப்பா வாசிச்சா உடனே சொல்லிடறதா, விட்டுடறதா?

மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் தானே திருத்திக்கொள்ளும். திருத்தாவிட்டால், பொருள் கெடாத பிழையை விட்டுவிடுங்கள். "வந்தது" என்பதை "வந்துச்சு" என்று வாசித்தால் கதை எங்கும் ஓடிப்போகாது. "மாடு" என்பதை "மாடி" என்று வாசித்தால் வாக்கியம் முடிந்ததும் "மாடி புல் தின்னுச்சா?" என்று கேளுங்கள்.

பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தட்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அது வாசிக்க எளிதான வேறொன்றைக் கொடுங்கள்.

12. வீட்ல புத்தகமே இல்லை. வாங்கறதுக்கும் வசதிப்படாது.

முதலில் பள்ளியில் கேளுங்கள். வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகலாம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. போனில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

புத்தகத்தை வீட்டிலேயே செய்யவும் முடியும். இரண்டு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்துப் பின் அடித்தால் எட்டுப் பக்கம். முதல் பக்கம் அட்டை, பிள்ளையின் பெயர் பெரிதாக. மற்ற ஏழில் அது சொல்லும் ஏழு வாக்கியங்கள், பக்கத்துக்கு ஒன்று: "நான் இட்லி சாப்பிட்டேன்." "நாய் குரைத்தது." வாக்கியம் நான்கு சொல்லைத் தாண்டவேண்டாம், கீழ்ப்பாதியைப் படம் வரைய விடுங்கள். இதைவிட ஆசையாக வேறெந்தப் புத்தகத்தையும் அது எடுக்காது. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாள், பால் பாக்கெட், பஸ்ஸின் ஊர்ப் பலகை எல்லாமே வாசிக்கத்தான். பஸ் பலகை நல்ல பயிற்சி, வண்டி கிளம்புவதற்குள் வாசித்தாகவேண்டுமே.

தாத்தாவின் பெட்டியிலிருந்து பழைய புத்தகம் எடுத்தால் ஒரு எச்சரிக்கை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, னை போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். பாட்டி கையால் எழுதும்போதும் அந்த வடிவம் வரலாம். ஏழெட்டு வயதில் அது சுவாரசியமான கதை, ஐந்து வயதில் குழப்பம்.

13. பகல்ல எங்கம்மாதான் பாத்துக்கறாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1-ஆவது, 3-ஆவது பதில்களில் உள்ள வேலையில் பாதி அவர்களால் முடியும், சில வீடுகளில் அம்மா அப்பாவைவிட நன்றாகவே முடியும். கதை, விடுகதை, "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" போல நாக்கைச் சுழற்றும் வரிகள், கைதட்டிப் பிரிப்பது. சொல்தொடர் விளையாட்டும் ஆடலாம்: ஒருவர் "பட்டம்" என்றால் அடுத்தவர் "ம"-வில் தொடங்கவேண்டும், "மாடு" என்றால் அடுத்து "டு" இல்லாததால் "ட" என்று வைத்துக்கொள்ளலாம். விதியை வீட்டுக்கு வீடு வளைத்துக்கொள்வதில் தவறில்லை.

மாலையில் பிள்ளை பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். திருத்தாமல், "அப்புறம் என்னாச்சு?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்கிற ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம். வாசிக்கத் தெரிந்த நமக்கு அந்த ஆவலை நடிக்கத்தான் முடியும்.

14. இங்கிலீஷ் மீடியம் சேர்த்திருக்கோம். ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தா குழம்பாதா?

ஆங்கில "எல்" எழுத்தைப் பார்த்து "ட" என்பதும், "யூ" எழுத்தைப் பார்த்து "ப" என்பதும் சில வாரம் நடக்கும், தானாகப் போய்விடும். இரண்டையும் ஒரே அமர்வில் மட்டும் வைக்காதீர்கள். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஓசை ஏறக்குறைய நிச்சயம். எழுத்து சேர்ந்தால் சொல் வரும் என்ற நம்பிக்கை அதில் சீக்கிரம் பிடிபடும், அதே நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்கும் போகும். வீட்டில் பேசுவதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவது தான் உண்மையான நஷ்டம். அப்போது 3-ஆவது பதிலில் சொன்ன காது காலியாகிவிடும்.

15. யூடியூப் பாட்டு பார்த்தே எல்லா எழுத்தும் சொல்றாளே?

"ற" அட்டையைத் தனியாக எடுத்துக் காட்டிப் பாருங்கள். க, ங, ச என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால் பாட்டுத் தெரியும், எழுத்து தெரியாது. பாட்டைத் தடுக்கவேண்டாம், அதைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

16. எழுத வைக்கறதும் கூடவே வேணுமா?

எழுதுவது ஆறு மாதம் பின்தங்கி வரட்டும். தட்டில் கால் அங்குல உயரத்துக்கு ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லலாம். அரிசியில் கோடு சரியாகத் தெரியாது, மாவு பறக்கும். புள்ளிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைக்கும் கைக்கு இ, ண எல்லாம் சுலபம், பையன்களையும் கோலம் போட விடுங்கள்.

17. ஏழு வயசாகுது. இன்னும் 'படம்', 'மரம்' தாண்டலை, எழுத்தையும் திருப்பிப் போடுறான். பயமா இருக்கு.

எழுத்தைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி எழுதுவது மட்டும் என்றால் ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் உண்டு. அதோடு நேற்று கற்ற எழுத்து இன்று அடியோடு மறப்பது, கைதட்டிச் சொல்லைப் பிரிக்கத் திணறுவது, பேசவே தாமதமானது, வாசிப்பு என்றாலே வயிற்றுவலி என்று ஒதுங்குவது ஆகியவை சேர்ந்திருந்தால் காத்திருக்கவேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோக்கும் பிள்ளைக்கு ல-ள, ப-ம வேறுபாடு சரியாகக் கேட்காமலே போயிருக்கலாம்.

இரண்டும் சரி என்றால் வகுப்பாசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கமுடியும். பரிசோதனைக்குப் போகும்போது பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், வீட்டில் நீங்கள் திருத்தாத பக்கங்களாக இருக்கட்டும்.